உப்புப் பீப்பாவும் ஈர்க்குக் குச்சியும்

எங்கள் வீட்டுத் தண்ணீரின் கல்லுத்தன்மையை எடுக்கும் இயந்திரத்தைப் பார்க்க, கண்டியில் ஒரு நிறுவனத்திலிருந்து வந்த தம்பி விரல் முட்டியால் அதன் தாங்கியை இரண்டு தட்டுத் தட்டினார். சமையலறைக் குழாயில் ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "சேர், ரெசின் செத்துப் போச்சு. மெஷினும் பழசு. இத மாத்துறதுதான் நல்லது" என்றார். வாசலில் சப்பாத்தைக் கழற்றியதிலிருந்து இந்தத் தீர்ப்பு வரை ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வந்து பார்த்த கூலி 3,500 ரூபா. மனைவி கொடுத்த பிளேன்டீயை மரியாதைக்குப் பாதி குடித்துவிட்டுக் கிளம்பினார். மறுநாள் வட்ஸ்அப்பில் புது இயந்திரத்துக்கு விலை வந்தது: 285,000 ரூபா, பொருத்துக்கூலி தனி. நான் அதற்கு ஒரு கைகூப்பும் பொம்மையை அனுப்பிவிட்டு, கூட்டுறவில் கடன் எடுக்கலாமா, மனைவியின் சீட்டுப் பணம் எப்போது விழும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

உப்புப் பீப்பாவின் மூடியை அவர் திறந்து பார்க்கவே இல்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அதைவிடச் சங்கடம், நானும் திறந்து பார்த்திருக்கவில்லை. நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன். கல்சியமும் மக்னீசியமும் கரைந்த வன்னீர், அவை இல்லாத மென்னீர், அயன் பரிமாற்றம் என்று பதினெட்டு வருடமாகக் கரும்பலகையில் எழுதி அழிக்கிறேன். என் வீட்டுக் குளியலறைச் சுவருக்குப் பின்னால் அதே பாடம் தாங்கி வடிவத்தில் நிற்கிறது. யாரோ வந்து தட்டிப் பார்த்து 'செத்துப் போச்சு' என்றதும் நான் தலையாட்டியிருக்கிறேன். இது மனதில் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. பணம்கூட அப்புறம்தான்.

பீலித் தண்ணி ஊரில் கல்லுத் தண்ணி

எங்கள் சொந்தக்காரர்களுக்கு இந்த இயந்திரம் எப்போதும் ஒரு பகிடி. "மலையில இருந்துகிட்டுத் தண்ணிக்கு மெஷினா?" என்று அக்கரப்பத்தனையில் இருக்கும் பெரியண்ணன் ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. நாங்கள் வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே ஒரு பாறை இடுக்கு. அதிலிருந்து மூங்கில், அப்புறம் தகரம், பிறகு பைப் என்று காலத்துக்கு ஏற்ற பீலி. அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் ஒரு தேய்ப்புக்கு நுரைக்கும். தலைக்கு ஊற்றினால் முடி பட்டு மாதிரிக் கிடக்கும். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் அதிக காலம் தங்காமல், எளிதில் கரையாத பாறைகளின் மேல் ஓடி வருவதால் அதில் கல்சியம் சேர வாய்ப்புக் குறைவு. மலையகத்தின் பெரும்பகுதித் தண்ணீர் இப்படித்தான்.

ஆனால் நாங்கள் இப்போது இருப்பது மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போகும் பக்கம். இங்கே மண்ணுக்கு அடியில் சலவைக்கல்லும் டொலமைட்டும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. மாத்தளை, திகன பக்கங்களில் டொலமைட் வெட்டுவதும் சுண்ணாம்புச் சூளை போடுவதும் பழைய தொழில். மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு கீழே இறங்கும்போது இந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அதன் பலத்தைக் குறைத்து நினைக்க வேண்டாம். பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ நீர்த்தேக்கத்தின் வலது கரையில் 1992இல் தண்ணீர் பீறிட்டதே, அதற்குக் காரணமும் மலைக்குள் சுண்ணக்கல் கரைந்து உண்டான பொந்துகள்தான். எங்கள் காணியில் அணை எதுவும் இல்லை. அதே கரைசல் குழாய்க்கிணற்றுக்குள் வருகிறது, அவ்வளவுதான். கிணற்று மோட்டரைப் பார்த்துக்கொள்ளும் பாஸ் முதல் நாளே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு "கிவுல்" என்றார். கல்லுத் தண்ணிக்குச் சிங்களத்தில் அந்த ஒரு சொல் போதும்.

அப்பாவை நினைத்துக்கொள்ளாமல் இந்த டொலமைட்டைப் பற்றி எழுத முடியாது. தேயிலை அமில மண்ணில் வளரும் செடி. ஆனாலும் உரம் போட்டுப் போட்டு மண் அளவுக்கு மீறிப் புளித்துவிடும். அதைச் சரிக்கட்ட, செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் காலத்தில் மலைக்கு டொலமைட் தூவுவார்கள். மக்னீசியமும் கிடைக்கும். அப்பா அந்த வேலைக்குப் போன நாட்களில் புருவம், காது மயிர் எல்லாம் வெள்ளையாகத் திரும்பி வருவார். எங்களுக்கு அவர் கோயில் திருவிழாவில் விபூதி பூசிய ஆண்டி மாதிரித் தெரிவார். மாத்தளைப் பக்கத்து மூட்டை என்று அவர் சொன்ன ஞாபகம். அவர் தூவிய அதே கல் முப்பது வருடம் கழித்து என் கேத்தலுக்குள் வெள்ளைச் செதிலாகப் படியும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

2016இல் வீடு கட்டி முடித்த முதல் ஆறு மாதம் மனைவி பட்ட பாடு பெரிது. பருப்பு வேகாது. வெள்ளைச் சட்டை மூன்றாம் துவையலில் சாம்பல் நிறமாகும். சவர்க்காரம் நுரைக்காமல் தயிர் மாதிரித் திரிந்து வாளியில் ஒட்டும். தண்ணீர் சூடாக்கும் கீசரின் கம்பியைக் கழற்றியபோது அது முருங்கைக்காய் தடிப்பில் கல் பூசி இருந்தது. தேத்தண்ணியின் மேல் எண்ணெய் மாதிரி ஓர் ஏடு மிதக்கும். கோப்பையைச் சாய்த்தால் கண்ணாடித் துண்டாக உடையும். அப்போதுதான் தண்ணீரை மென்மையாக்கும் இந்த இயந்திரத்தை, சொஃப்ட்னரை, வாங்கினோம். எங்கள் வீட்டில் அதற்கு அந்தப் பெயர் நிலைக்கவில்லை. பிள்ளைகள் உப்புப் பீப்பா என்றார்கள். அதுவே ஊரிலும் பெயராகிவிட்டது.

உப்பு மிச்சம்

இயந்திரம் இரண்டு பகுதி. நீளமான தாங்கிக்குள் 25 லீட்டர் ரெசின். தேன் நிறத்தில், கடுகில் பாதி அளவு மணிகள். ஒவ்வொரு மணியும் சோடியம் அயன்களைப் பிடித்து வைத்திருக்கும். வன்னீர் அதன் வழியே போகும்போது மணி கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடும், ஒரு கல்சியத்துக்கு இரண்டு சோடியம். மணிகள் நிரம்பியதும் பக்கத்துப் பீப்பாவில் கிடக்கும் உப்புக் கரைசலை உறிஞ்சிக் குளிப்பாட்டினால் கணக்கு நேர்மாறாக நடக்கும். கல்சியம் கழிவோடு போய்விடும், மணிகள் பழையபடி சோடியத்தோடு உட்காரும். எங்களுடையதில் 3,000 லீட்டருக்கு ஒரு தடவை, அதாவது எங்கள் வீட்டுப் பாவனைக்கு ஐந்து நாளுக்கு ஒரு தடவை, நள்ளிரவு இரண்டு மணிக்கு இந்தக் குளிப்பு நடக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்றரைக் கிலோ உப்பு.

2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டிய அந்த நாட்களில் இதன் மணிக்கூடு குழம்பி, பிள்ளைகள் பாடசாலைக்குக் கிளம்பும் நேரத்தில் கழிவுக் குழாய் கொடகொடவென்று சத்தம் போடும். அதையெல்லாம் தாண்டி வந்த இயந்திரம்தான்.

அப்புறம் 2025இன் உப்புத் தட்டுப்பாடு. மழையில் உப்பளங்கள் கெட்டு, கடலால் சூழ்ந்த நாட்டுக்கு இந்தியாவிலிருந்து உப்புக் கப்பல் வந்த கூத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கடையில் ஆளுக்கு ஒரு பக்கெட் என்று எண்ணிக் கொடுத்த காலத்தில், மாதம் இருபது கிலோவைக் கழிவுக் கானில் விடும் வீடு எங்களுடையது. வெளியே சொல்லவே கூச்சமாக இருந்தது. ஆனால் ஒரு நல்ல விஷயமும் நடந்தது. இரண்டரை மாதம் வரும் மூட்டை அந்த வருடம் நாலு மாதம் தாண்டியும் அப்படியே இருந்தது. "நான் குளிக்கிற தண்ணியக் கொறச்சிட்டேன், அதான்" என்று மனைவி பெருமையாகச் சொன்னாள். நானும் பிள்ளைகளிடம், பார்த்தீர்களா சிக்கனம் என்று ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தேன். அதே மாதங்களில்தான் பருப்பு மறுபடி வேகாமல் போனது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

விலைச்சீட்டு வந்த வாரத்தில் மோட்டர் பாஸ் வேறு வேலையாகப் போன் எடுத்தார். பேச்சோடு பேச்சாக இயந்திரம் முடிந்துவிட்டதாம் என்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "லுணு பஹினவாத?" உப்பு இறங்குதா? இல்லை பாஸ், நல்லா மிச்சமாகுது என்று நான் சொன்ன பதிலுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தார். சிரித்து முடித்ததும், மூடியைத் திறந்து பாருங்கள் மாத்தயா என்றார்.

நியமிப்பு

மூடியைத் திறப்பதற்கு முன் எனக்கு ஓர் எண் தேவைப்பட்டது. தொழில் புத்தி. அந்த வாரம் வகுப்பில் ஈடிடிஏ நியமிப்பு செய்முறை, அதாவது ஈடிடிஏ என்ற இரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தண்ணீரின் வன்மையை அளப்பது. வழக்கமாக ஆய்வுகூடக் குழாய்த் தண்ணீரைக் கொடுத்துச் செய்யச் சொல்வேன். இந்தத் தடவை வீட்டிலிருந்து இரண்டு சோடாப் போத்தல் கொண்டு போனேன். ஒன்று கிணற்றுத் தண்ணீர், மற்றது இயந்திரத்துக்குள் போய் வந்த தண்ணீர். எது எது என்று சொல்லவில்லை. அ, ஆ என்று மட்டும் ஒட்டியிருந்தேன்.

ஐம்பது மில்லிலீட்டர் தண்ணீர், பிஎச் 10க்குத் தாங்கல் கரைசல், எரியோக்குரோம் பிளாக் டீ என்ற நிறங்காட்டி கொஞ்சம். கரைசல் திராட்சை ரச நிறத்துக்கு வரும். மேலே அளவி என்ற அளவுக் குழாயிலிருந்து ஈடிடிஏ சொட்டுச் சொட்டாக விழ, சிவப்பு மங்கி, ஊதாவாகி, கடைசிச் சொட்டில் திடீரென்று நீலம். அந்தக் கடைசிச் சொட்டுக்காகத்தான் இந்தச் செய்முறையை எனக்குப் பிடிக்கும். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அளவியில் எத்தனை மில்லிலீட்டர் இறங்கியதோ அதை இருபதால் பெருக்கினால் லீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் வன்மை. அ போத்தல் 20.5, அதாவது 410. குடிநீருக்கு இலங்கைத் தரம் அனுமதிக்கும் உச்சம் 250; கிணற்றுத் தண்ணீர் அதைத் தாண்டும் என்பது எதிர்பார்த்ததுதான். ஆ போத்தல் 14.5. அப்படியென்றால் 290.

"ரெண்டும் வன்னீர் சேர்" என்றாள் ஒரு மாணவி. ஆ போத்தல் என் வீட்டு மென்னீர் என்று நான் சொன்னதும் பின்வரிசைப் பையன் ஒருவன், "அப்பிடின்னா சேர் வீட்டு மெஷின் சும்மா நிக்குது" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே, 410 போய் 290 வருகிறதென்றால் ரெசின் முழுக்கச் செத்திருக்க முடியாதே, செத்திருந்தால் 410 அப்படியே வரவேண்டுமே என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்தது. கொஞ்சமாவது குளிப்பு நடக்கிறது. உப்பு ஏதோ வழியில் கொஞ்சமாவது போய்ச் சேர்கிறது. செத்தவன் வாய்க்கால் பக்கம் போய் வருவானா?

பத்து நிமிடம்

அன்றிரவு பிள்ளைகள் படுத்த பிறகு டோர்ச்சோடு குளியலறைக்குப் பின்னால் போனேன். மூடியைத் தூக்கினால் உப்பு மேலே மட்டமாக, அழகாக இருந்தது. கையால் அழுத்தினேன். கல்லு மாதிரி. விளக்குமாற்றுக் கட்டையால் ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். மேல்தளம் உடைந்து கட்டை முழங்கை ஆழத்துக்கு உள்ளே போனது. கீழே வெறும் பொந்து. ஈரக் காற்றில் கல்லுப்பு பாலம் மாதிரி இறுகிக்கொண்டு, அடியில் இருக்கும் தண்ணீரைத் தொடாமலே மாதக்கணக்காக அந்தரத்தில் நின்றிருக்கிறது. மேலிருந்து பார்க்கிறவனுக்கு நிறைந்த பீப்பா. எங்கள் சிக்கனம் அதுதான்.

கட்டிகளை அள்ளி வெளியே போட்டேன். அடியில் இரண்டு விரற்கடைக்குச் சேறு. கடல் உப்போடு வந்த மண்ணும் மணலும். அதையும் வழித்துக் கழுவி, உடைத்த உப்பைப் போட்டு, தண்ணீர் விட்டுக் கரைய வைத்தேன். சரி, முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் சனிக்கிழமை. கையால் அழுத்திக் குளிப்பைத் தொடங்கிவிட்டு, உப்புத் தண்ணீர் உறிஞ்சும் கட்டம் வந்ததும் பீப்பாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, தண்ணீர் தொடும் இடத்தில் நகத்தால் ஒரு வெட்டு வைத்து, பீப்பாவின் உள்சுவரில் நிமிர்த்தி ஒட்டவைத்தேன். உறிஞ்சினால் தண்ணீர் அந்த வெட்டுக்குக் கீழே போக வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

ஒரு நிமிடம். ஒன்றுமில்லை. மூன்று நிமிடம். வெட்டும் தண்ணீரும் ஒரே மட்டம். பக்கத்துக் கழிவுக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. உள்ளே ஏதோ நடப்பதாக அந்தச் சத்தம் நம்பவைத்துக்கொண்டே இருந்தது. ஒன்பதாம் நிமிடம் டோர்ச்சைக் கிட்ட வைத்துப் பார்க்கிறேன், வெட்டைக் காணோம். தண்ணீர் அதற்கு மேலே ஏறி நின்றது. இறங்க வேண்டியது ஏறுகிறது. உறிஞ்ச வேண்டிய வாய் திருப்பித் துப்புகிறது.

அந்தக் கணத்தில் எனக்கு வந்தது கண்டுபிடித்த சந்தோஷம் என்று சொன்னால் பொய். கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத ஒரு கோபம். இதைப் பார்க்கத் தேவைப்பட்டது ஓர் ஈர்க்கும் பத்து நிமிடமும். அந்தத் தம்பிக்கு அந்தப் பத்து நிமிடம் இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். கண்டியிலிருந்து மாத்தளைக்கு வந்து, அன்றைக்கு இன்னும் எத்தனை வீடு ஏறி இறங்க வேண்டியிருந்ததோ. பழுது பார்த்தால் அவருக்கு என்ன கிடைக்கும், புதிது விற்றால் என்ன கிடைக்கும் என்பதும் ஊகிக்கக்கூடியதுதான். எனக்கோ ஒன்பது வருடம் இருந்தது.

உறிஞ்சும் வேலையைச் செய்வது இன்ஜெக்டர் என்று ஒரு சின்னத் துண்டு. தாங்கியின் தலைப் பகுதியின் பக்கவாட்டில், இரண்டு திருகாணிக்குப் பின்னால் இருக்கும். மோட்டர் அதற்குக் கிடையாது. தண்ணீரை ஓர் ஊசித் துளை வழியே வேகமாகப் பாய விட்டால் அங்கே அழுத்தம் குறையும், அந்தக் குறைவு பக்கத்துக் குழாயிலிருந்து உப்புக் கரைசலை இழுக்கும். வெஞ்சூரி தத்துவம், இதையும் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். தண்ணீரை இயந்திரத்துக்குள் போகாமல் பைபாசில் திருப்பி, குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்டபின் திருகாணிகளைக் கழற்றினேன். முன்னால் இருந்த வலையில் துருவும் சேறும் கலந்து பாக்கு மென்று துப்பிய மாதிரி ஒரு பசை. துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் வரவில்லை. கம்பி போட்டுக் குத்தினால் பிளாஸ்டிக் கீறி துளை பெருத்துவிடும், அப்புறம் அது உறிஞ்சாது. அதனால் வினாகிரியில் ஊறப்போட்டேன். அரை மணி கழித்து, பீப்பாவுக்குள் நின்ற அதே ஈர்க்கின் நுனியை பிளேடால் சீவி மெல்ல நுழைத்தேன். மிளகாய் விதை அளவில் ஒரு மணல் வந்து விழுந்தது.

மறுபடி பூட்டி, மறுபடி முக்காலி, புது வெட்டு. இரண்டாம் நிமிடமே தண்ணீர் ஈர்க்கை விட்டுக் கீழே போய்விட்டது. திங்கட்கிழமை ஆ போத்தலுக்கு அளவியில் 0.4 தான் இறங்கியது. எட்டு மில்லிகிராம்! பின்வரிசைப் பையனுக்கு அது பெரிய ஏமாற்றம்.

தம்பி பாதி சரி

கதையை இங்கே நிறுத்தினால் நான் வீரன், அவர் மோசடிக்காரர் என்று ஆகிவிடும். அப்படி இல்லை. ஒரு வாரம் ஒவ்வொரு இரவும் ஒரு போத்தலில் பாதித் தண்ணீர் பிடித்து, சவர்க்காரச் சீவல் போட்டுக் குலுக்கிப் பார்த்தேன். நுரை நின்றால் மென்னீர், திரிந்தால் வன்னீர். 3,000 லீட்டர் தாங்க வேண்டியது 1,800க்கு மேல் திரிய ஆரம்பித்தது. அதாவது ரெசின் நாற்பது வீதம் வேலை செய்யவில்லை. எங்கள் கிணற்றில் கொஞ்சம் இரும்பும் இருக்கிறது. அது மணிகள் மேல் துருவாகப் படிந்து கல்சியத்துக்கு இடம் விடாமல் அடைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் ரெசின் பத்துப் பதினைந்து வருடம் வரும் என்பார்கள். எங்களுடையது ஒன்பதிலேயே கிழடு தட்டியிருக்கிறது. தம்பி மூடியைத் திறக்காமல் சொன்னது முழுப் பொய் அல்ல. திறக்காமல் சொன்னார் என்பதுதான் என் முறைப்பாடு.

கேக் சாமான் கடையில் சித்திரிக் அமிலம் வாங்கி, கரைத்து உள்ளே இழுக்க விட்டு, இரவு முழுக்க ஊறவிட்டுக் கழுவினேன். கழிவுக் குழாயில் முதலில் வந்தது பிளேன்டீ நிறம். அதன் பிறகு 2,300 லீட்டர் வரை தாங்குகிறது. நாளுக்குக் கணக்குப் பார்த்துக் குளிப்பை நாலு நாளுக்கு ஒரு தடவையாக மாற்றி வைத்திருக்கிறேன். உப்பு முன்பைவிடக் கூடுதலாகத்தான் போகிறது. தம்பியின் நிறுவனத்துக்குப் போன் போட்டு ரெசின் மட்டும் கிடைக்குமா என்று கேட்டேன்; தனியாக விற்பதில்லை என்றார்கள். கொழும்பில் வேறோர் இடத்தில் 25 லீட்டர் மூட்டை 38,000 ரூபாவுக்கு இருக்கிறது. அடுத்த தவணை விடுமுறையில் மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். தாங்கிக்கு ஒன்றுமில்லை, தலைக்கும் ஒன்றுமில்லை. இரண்டு இலட்சத்து எண்பத்தையாயிரத்தில் நான் எதை மாற்றியிருப்பேன் என்று அவ்வப்போது நினைத்துப் பார்ப்பதுண்டு.

இதில் யோசிக்க வேண்டிய இன்னொன்று கழிவு. குளித்து வரும் உப்புத் தண்ணீரைத் தொடக்கத்தில் தோட்டப் பக்கம் விட்டோம். கறிவேப்பிலை மரம் ஒரு வருடத்தில் நுனியிலிருந்து கருகிப் போனது. இப்போது கானுக்கு விடுகிறோம். கான் எங்கே போகிறது என்று நான் தேடிப் பார்க்கவில்லை. அதுவும் ஒரு திறக்காத மூடிதான்.

அம்மாவின் கேன்

அம்மாவுக்கு இந்த இயந்திரம் பழுதானதும் தெரியாது, சரியானதும் தெரியாது. அவருக்கு வயது எழுபத்தாறு, பிரஷர் இருக்கிறது. இயந்திரத் தண்ணீரில் எங்கள் வன்மைக்கு லீட்டருக்கு 190 மில்லிகிராம் அளவில் சோடியம் கூடுகிறது. இரண்டு லீட்டர் குடித்தால் கிட்டத்தட்ட ஒரு கிராம் உப்புச் சாப்பிட்ட கணக்கு. அதனால் குடிப்பதற்கு இயந்திரத்தைத் தொடாத தனிக்குழாய் ஒன்று சமையலறையில் உண்டு. ஆனால் அம்மா தேத்தண்ணிக்கு இரண்டையும் தொடமாட்டார். மாதம் ஒரு தடவை பெரியண்ணன் வீட்டுக்குப் போய் வரும்போது ஐந்து லீட்டர் கேன் ஒன்றில் பீலித் தண்ணீர் கொண்டுவருவார். அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் மாறி மாறி, மடியில் வைத்துக்கொண்டு. காலை ஒரு கோப்பை, பின்னேரம் ஒரு கோப்பை. கேன் முடிகிற வரைக்கும்தான் அவர் தேத்தண்ணி குடிக்கிறார் என்று அர்த்தம். மற்ற நாட்களில் எங்களோடு உட்கார்ந்து குடிப்பது, அவர் சொல்லில், "சுடுதண்ணி".

எட்டு மில்லிகிராம் வந்த வாரம் அவரைச் சமாதானப்படுத்திவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் இறக்கி வைத்த கேனிலிருந்து ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு போய் ஆய்வுகூடத்தில் நானே நியமித்தேன். 0.8 இறங்கியது. பதினாறு. அதாவது எங்கள் இயந்திரத் தண்ணீர் பீலித் தண்ணீரைவிட மென்மை. வீட்டுக்கு வந்து இரண்டிலும் ஒரே தூளில் தேத்தண்ணி போட்டு, எது எது என்று சொல்லாமல் அம்மாவுக்கு முன்னால் வைத்தேன். அவர் குடிக்கவே இல்லை. நிறத்தைப் பார்த்தே ஒன்றைத் தள்ளிவைத்தார். "இது கறுத்துப் போயிருக்கு. உயிரில்ல."

அவர் தள்ளியது இயந்திரத் தண்ணீர். ஏடு இல்லை, செதில் இல்லை. ஆனால் சாயம் செம்பொன்னாக இல்லாமல் மண்ணெண்ணெய் விளக்குக் கரி கலந்த மாதிரி மங்கலாக இருந்தது. கொஞ்சம் யோசித்ததும் காரணம் பிடிபட்டது. இயந்திரம் மாற்றுவது கல்சியத்தையும் மக்னீசியத்தையும் மட்டும். அவற்றோடு கரைந்து வந்த இருகாபனேற்று அப்படியே தண்ணீரில் நிற்கிறது, இப்போது சோடியத்தோடு. தண்ணீர் காரத்தன்மையோடேயே இருக்கிறது. காரத்தில் தேயிலைச் சாயம் கறுக்கும். அந்தக் கோப்பையில் தேசிக்காய் ஒரு சொட்டு விட்டேன், கண் முன்னாலேயே வெளுத்து நிறம் திரும்பியது. என் ஈடிடிஏ கல்சியத்தையும் மக்னீசியத்தையும் எண்ணிச் சொன்னது சரி. அம்மா பார்த்தது அது எண்ணாத ஒன்றை. இதையெல்லாம் அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போனியே, அந்தப் போத்தல்ல மிச்சம் இருக்கா?"

கால்வாசி இருந்தது. எடுத்துக் காட்டினேன்.

"மருந்து கிருந்து கலக்கலயே?"

"இல்லம்மா, அது தனியா எடுத்துத்தான் செஞ்சேன்."

"அப்ப அத கேத்தல்ல ஊத்து. வீணாக்காத."